கூலிக்குக் கணக்கு உண்டு, விலகலுக்கு இல்லை

நிறுவனங்கள் தரும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையான பிஆர்எஸ்ஆரின் கோர் அளவைகளுக்கு வெளியாரின் உறுதிச் சான்றோ மதிப்பீடோ பெற வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதித்த கட்டாயம், முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2026-27 நிதியாண்டில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களையும் தழுவி நிற்கிறது. இதுகாறும் பெருநகரத் தணிக்கை ஸ்தாபனங்களின் விஷயமாக இருந்துவந்த இக்காரியம், இனி ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆலைக் கணக்கும் ஆள் கணக்கும் பார்க்கிற நம் வாசகர்களின் மேசைக்கும் வந்து சேருமாதலால், இவ்விதழ் தன் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அளவைகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் மனித மூலதனம் பற்றிய பகுதி இன்றுள்ளபடியே தொடருமானால், நாம் இடும் கையொப்பம் பாதி உண்மைக்கு இட்ட கையொப்பமாகவே நிற்கும்.

முதலில் அவ்வளவைகளில் ஒன்றான சிறு நகர வேலைவாய்ப்புக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் பாகுபாட்டைத் தழுவி ஊதியத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லும் அக்கட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 75,000 பேர் வாழும் ஸ்ரீவில்லிபுத்தூர் அரை நகர்ப்புறமாகவும், ஏறத்தாழ 1,30,000 பேர் வாழும் ராஜபாளையம் ஒரு லட்சம் என்ற எல்லையைக் கடந்துவிட்டபடியால் நகர்ப்புறமாகவும் பதிவாக வேண்டும். ஒரே ரகமான ரிங் ஃபிரேமில், ஒரே ஷிப்டில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவரின் கூலி இரு வேறு கட்டங்களில் விழுகிறது. வேலை செய்யும் இடத்தின் வகையைச் சம்பளப் பட்டியலிலேயே குறித்துவைத்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும். இதைக் குறையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை.

மதிப்புச் சங்கிலி, அதாவது நிறுவனத்துக்குச் சரக்கு தருவோரும் அதனிடம் வாங்குவோரும் பற்றிய விவரம் தரும் விஷயமும் அத்தகையதே. செபியின் 2025 மார்ச் 28 சுற்றறிக்கை அதனை முதல் 250 நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதற்குமேல், கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்து 2 சதவீதமாவது பெறும் கூட்டாளிகளே அதில் இடம்பெறுவர். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறு விசைத்தறிக்காரர் அந்த வரம்பை எட்டுவது அரிது.

நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சிறு நகரக் கட்டம், நிரந்தரமானோர், நிரந்தரமற்றோர், ஒப்பந்தத்தில் வந்தோர் ஆகிய அனைவரின் ஊதியத்தையும் சேர்த்துக் கூட்டச் சொல்கிறது. ஆனால் பணி விலகல் விகிதத்தைக் கேட்கும் இடத்திலோ, அதே படிவம் நிரந்தர ஊழியர், நிரந்தரத் தொழிலாளர் என்ற இரு வகையினரோடு நின்றுவிடுகிறது. அந்த விகிதமும் கோர் அளவைகளில் சேராமையால் கட்டாயச் சான்றுக்கு வெளியே கிடக்கிறது. நிரந்தரப் பணியில்லாத ஒரு பெண் ஆலையில் நிற்கும்வரை அவள் கூலி நிறுவனத்தின் பெருமைக்கு உதவுகிறது; அவள் போய்விட்டாலோ, அந்த இழப்பு விகிதத்தில் ஏறுவதேயில்லை. அப்ரண்டிஸாக எடுக்கப்பட்டவளோ, அப்படிவம் பின்பற்றும் 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் வரையறையில் தொழிலாளியே அல்லள்.

தமிழ்நாட்டில் இந்த விடுபாட்டுக்குத் தனியான ஒரு கனம் உண்டு. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டிலேயே நம் மாநிலம் சட்டம் இயற்றியிருக்கிறது. அந்த எல்லைக்கு முன்னரே ஆள் மாறிக்கொண்டிருப்பது சில முதலாளிகளுக்கு வசதியாயிற்று. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைப் பஞ்சாலைகளில் வேலை வாங்கிய கதையையும் நாம் மறந்துவிடவில்லை. அறுந்த இழையைச் சுழலும் கதிரில் நொடியில் ஒட்டவும், ரிங் ஃபிரேமின் ஒரு சைடு முழுவதையும் பார்வையால் ஆளவும் மாதக்கணக்கில் பழகிய விரல்கள், சான்றிதழோ அனுபவக் கடிதமோ இன்றி ஊர் திரும்பும்போது, ஆலைக்கும் நஷ்டம், அவளுக்கும் நஷ்டம், நாட்டுக்கும் நஷ்டம். படிவத்திலோ விலகல் விகிதம் வெகு அழகாக இருக்கும்.

கணக்கியல் சாஸ்திரமும் இவளைக் காணவில்லை. பயிற்சிச் செலவை அந்த ஆண்டின் செலவாகவே எழுதச் சொல்கிறது இந்த் ஏஎஸ் 38 என்ற கணக்கியல் தரம். மனித மூலதனத்தை மதிப்பிட 1971இல் லெவ்வும் ஷ்வார்ட்ஸும் வகுத்து, பிஹெச்இஎல்லும் இன்ஃபோசிஸும் கையாண்ட முறையோ, ஒருவர் ஓய்வு பெறும்வரை ஈட்டக்கூடிய வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொணர்வதாகையால், இடையில் வெளியேறுகிறவர்கள் நிறைந்த ஆலைக்குப் பொருந்தாது. உலக வங்கி 2018இல் வெளியிட்ட மனித மூலதனக் குறியீடும் பிறந்த குழந்தை 18 வயதுக்குள் பெறக்கூடிய கல்வியையும் ஆரோக்கியத்தையும் மதிப்பிடுவதோடு அமைந்து, தறியிலும் கதிரிலும் பிறகு கற்பதைத் தொடவில்லை. அக்குறியீடு இந்தியாவுக்கு 0.44 வழங்கியபோது, கற்றல் தரத்துக்குத் தமிழ்நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் 2009இல் நடந்த பிஸா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வையே ஆதாரமாகக் கொண்டது என்றும், நாட்டின் புதிய முயற்சிகளைக் கருதவில்லை என்றும் நிதி அமைச்சகம் நியாயமாகவே முறையிட்டு, அதைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. அந்நியர் அளவுகோலில் தேசத்தின் உழைப்பு விடுபட்டதென்று குரல் எழுப்பியவர்கள், தம் ஆளுகைக்கு உட்பட்ட படிவத்தில் பஞ்சாலைப் பெண்ணின் விலகலுக்கு ஒரு பத்தியைக்கூட ஒதுக்க மனமின்றி இருப்பதை எங்ஙனம் பொறுப்பது? தொழில் நடத்துவோரின் சிரமத்தைக் குறைக்கிறோம் என்று சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கையாக விதிகளைத் தளர்த்துகிறவர்கள், தொழிலைத் தாங்குவோரின் சிரமத்தை எந்தச் சுற்றறிக்கையில் நினைத்தார்கள்? மாநில அரசாவது, தான் இயற்றிய 480 நாள் சட்டம் எத்தனை ஆலைகளில் எத்தனை பேரை நிரந்தரமாக்கிற்று என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டாமா?

நம் கோரிக்கைகள் மூன்று. விலகல் விகிதம் நிரந்தரமற்றோருக்கும் அப்ரண்டிஸ்களுக்கும் விரிக்கப்பட்டுக் கோர் அளவைகளில் சேர்க்கப்பட வேண்டும். விலகியோரில் 480 நாளுக்கு முன் போனவர் எத்தனை பேர் என்பது தனியே காட்டப்பட வேண்டும். விலகும் ஒவ்வொருவருக்கும் அவர் கற்ற வேலையைக் குறிப்பிட்ட சான்று வழங்கப்பட்டதா என்று தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும். செபி திருத்தும்வரை காத்திராமல், இவ்வாண்டுச் சான்றுப் பணியிலேயே இம்மூன்றையும் நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றுக் கோப்பில் சேர்க்குமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம். கேட்பதற்கு நமக்குள்ள உரிமையை எந்தச் சுற்றறிக்கையும் பறித்துவிடவில்லை.