எல்லை தாண்டினாலும் மாறாத எண்

ஆசிரியர் ஓய்வூதியம் என்றாலே பேச்சு அரசுப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளியதை எதிர்த்து அரசு ஊழியர்-ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டங்கள் நியாயமானவை. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி, கர்நாடக எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளி ஆகிய ஊர்களின் தனியார் பள்ளிகளில் பாடம் நடத்தும் பெண்களின் முதுமைக்காக மறியல் செய்ய ஆளில்லை.

அவர்களுடைய பணிக்காலம் துண்டு துண்டானது. கணவரின் வேலை ஓசூர் சிப்காட்டிலிருந்து கர்நாடகத்தின் ஜிகணிக்கு மாறினால் வீடும் பள்ளியும் மாறும். நடுவே பிரசவம், குழந்தை வளர்ப்பு. ஒவ்வொரு முறை வேலையை விடும்போதும் பலர் பி.எஃப். பணத்தை ஓய்வூதியப் பங்கோடு சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். வீட்டுச் செலவு நெருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் பறிபோவது என்ன என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் ஓசூரில் 6 ஆண்டு, இடைவெளிக்குப் பின் அத்திப்பள்ளியில் 5 ஆண்டு. பள்ளி செலுத்தும் பங்கில் 8.33 சதவீதம், அதாவது மாதம் 1,250 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. 10 ஆண்டு சேவை இருந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம். இரண்டு துண்டும் சேர்ந்தால் 11 ஆண்டு. சம்பளத்தை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 2,357 ரூபாய். இரண்டு முறையும் எடுத்துவிட்டவருக்கு ஓய்வூதியம் என்று ஒரு பைசா வராது. அந்த 2,357 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும். ஓய்வூதியம் பெறுபவருக்குப் பின் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பி.எஃப். மத்திய அரசுத் திட்டம். ஆசிரியை எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவருடைய 12 இலக்க பி.எஃப். அடையாள எண்ணான யுஏஎன் அதேதான்.

பணிக்கொடையையும் கேட்டு வாங்க வேண்டும். ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் ‘ஊழியர்’ வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 3.4.1997 முதலே அந்த உரிமையைக் கொடுத்தது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. திருத்தம் செல்லும் என 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மேலே சொன்ன ஓசூர் பள்ளியின் 6 ஆண்டுக்கு மட்டும் ஏறக்குறைய 52,000 ரூபாய் சேரும். இது நிர்வாகம் மனமிரங்கித் தரும் அன்பளிப்பு அல்ல.

இந்த மே மாதம் பள்ளி மாறும் ஆசிரியைகளே, பழைய கணக்கைப் புதிய பள்ளிக்கு மாற்றுங்கள். வேலையையே விடுகிறீர்கள் என்றால் 10சி படிவத்தில் பணம் கேட்காதீர்கள். இதுவரையிலான பணிக்காலத்தைக் காப்பாற்றி வைக்கும் திட்டச் சான்றிதழ் கேளுங்கள்.