இரைச்சலுக்குள் ஒரு செய்தி
அமெச்சூர் வானொலியில் வலுவற்ற சமிக்ஞை முறைகள் எனப்படுபவை, காதுக்குக் கேட்காத அளவுக்கு இரைச்சலுள் அமிழ்ந்த சமிக்ஞையையும் கணினியின் துணையால் மீட்டெடுக்கும் டிஜிட்டல் தொடர்பு முறைகளாகும். இரட்டைத் துடிவிண்மீன் கண்டுபிடிப்புக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், 2001இல் இதற்கெனத் தனி மென்பொருளை வெளியிட்டதில் வியப்பில்லை. விண்ணின் மெலிந்த துடிப்புகளைப் பிரித்தறிந்தவருக்கு அது பழகிய வேலைதான். 2017இல் சக வானொலியாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய எஃப்டி8 முறை, 15 விநாடித் தவணைகளில் அழைப்புக்குறியையும் இருப்பிடக் குறியீட்டையும் சமிக்ஞையின் வலுவையும் தவிர வேறெதையும் பெரும்பாலும் பரிமாறுவதில்லை என்பதால், அதில் உரையாடல் இல்லை என்று குறைகூறுவோரிடம் நியாயம் உண்டு. ஆயினும், 2008இல் அறிமுகமான விஸ்பர் முறைக்கு அக்குறை பொருந்தாது; உரையாடல் அதன் நோக்கமே அன்று. ஏறத்தாழ 2 நிமிடம் நீளும் அதன் அலைபரப்பு, சில நூறு மில்லிவாட் ஆற்றலிலேயே கண்டங்களைக் கடந்து, பல நாடுகளிலுள்ள ஏற்பிகளில் தானாகப் பதிவாவதால், சிற்றலைகளைப் பூமிக்கு வளைத்தனுப்பும் அயனிமண்டலத்தின் மாற்றங்களைக் காட்டும் இடையறாத அளவீடாகிறது. உயர்ந்த ஆன்டெனா எழுப்ப இடமற்ற மாடிக் குடியிருப்புவாசிக்கும் (உரிமம் மட்டும் பெற்றிருந்தால்) இதில் பங்குண்டு. பேச விரும்புவோர் ஒலிவாங்கியை எடுத்துக்கொள்ளட்டும். அறிவியலுக்குக் கூடுதலாகப் பயன்படுவது விஸ்பரே.