பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தோம், நாய்க்கு?

யுத்த காலத்தில் ஊரை விட்டு ஓடியபோது மாடுகளை அவிழ்த்து விட்டோம். நாய்களைப் படலையடியில் விட்டுச் சென்றோம். 2009 இல் யுத்தம் முடிந்தது. ஆயினும் மீளக்குடியேறிய கிராமங்களிலும், இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாதோர் வாழும் இடங்களிலும் கட்டாக்காலி நாய்களை நாளாந்தம் காண்கிறோம்.

நாய் என்றதும் விசர்நோய் ஒன்றையே நினைக்கிறோம். சத்தமின்றி வரும் வேறொரு தீங்கும் உண்டு. அதுதான் கொழுக்கிப்புழு.

1911 ஆம் ஆண்டு ஆதர் லூஸ் என்னும் ஜேர்மனிய அறிஞர், இலங்கை மரநாயிலிருந்து கிடைத்த கொழுக்கிப்புழுவைத் தனி இனமாக விபரித்து, எமது நாட்டின் பெயரையே சேர்த்து 'அன்சைலோஸ்ரோமா சிலானிக்கம்' எனப் பெயரிட்டார். இப்புழு நாய், பூனை, மனிதர் ஆகிய மூவரின் குடலிலும் முதிர்ந்து வாழக்கூடியது. வேறு சில நாய்க் கொழுக்கிப்புழுக்கள் எமது தோலின் கீழ் ஊர்ந்து கடியை உண்டாக்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். இதுவோ குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். கம்போடியக் கிராமமொன்றில் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், கொழுக்கிப்புழு இருந்த மனிதருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்த இனம் காணப்பட்டது.

நாயின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஒரு வாரமளவில் அவை தொற்றக்கூடிய குடம்பிகளாகின்றன. கிணற்றடியும் வாழையடியும் அவற்றுக்கு உகந்த இடங்கள். வெறுங்காலின் தோலைத் துளைத்தும், வாய் வழியாகவும் அவை உட்புகும். நன்றாகக் கழுவாத வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதும், மண் அளைந்த கையோடு பிள்ளை சாப்பிடுவதும் இதனாலேயே ஆபத்தானவை. ஏற்கெனவே போசாக்குக் குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் இரத்தச்சோகை எவ்வளவு பாரமானது என்பதை நாம் அறிவோம்.

பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் முற்றத்தில் திரியும் நாயை மறந்துவிட்டு மாத்திரை மட்டும் கொடுப்பது, உடைந்த வரம்பைக் கட்டாமல் வயலுக்கு நீர் இறைப்பது போன்றது. பிள்ளை சுகாதாரப் பகுதியினருக்குரியது, நாய் வேறொருவருக்குரியது என்ற பிரிவினை புழுவுக்குத் தெரியாது.

அப்படியானால் நாய்களைக் கொன்றுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். எச்சிலும் குப்பையும் கிடக்கும்வரை கொன்ற நாயின் இடத்துக்கு வேறு நாய் வரும். மண்ணிலுள்ள குடம்பிகளும் அப்படியே இருக்கும். கொல்வதால் நோய் ஒழியாது.

எனவே எனது கருத்து இது. விசர்நோய்த் தடுப்பூசி போடும் நாளில் ஊர் நாய்கள் ஓரிடத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. அதே நாளில், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி, நிறைக்கேற்ற பூச்சி மருந்தையும் அவற்றுக்குக் கொடுக்க வேண்டும். இதனைக் கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும். ஆளில்லா நாய்களுக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. முற்றத்து நாய் மலத்தை மண்வெட்டியால் அள்ளி ஆழமாகப் புதைப்போம். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குவதை வீண் செலவாகக் கருதாதிருப்போம். கீரையைப் பலமுறை கழுவுவோம். மலசலகூடத்தைப் பாவிப்போம்.

இழந்த காணியையும் வீட்டையும் மீட்பது எமது கையில் மட்டும் இல்லை. பிள்ளையின் இரத்தத்தைக் காப்பது பெருமளவில் எமது கையிலேயே உள்ளது.