மாட்டு முடிச்சு

செட்டியார்பட்டியில் மாமனார் வீடு. பின்னால் ஒரு மாமரம். மரம் நிறைய மாங்காய். 'பறிக்க ஆள் வரலை மாப்ளே' என்று மாமனார் யதார்த்தமாகத்தான் சொன்னார். என் சகதர்மிணி ஒரு பார்வை பார்த்தாள். 'இவராவது ஏறுறதாவது' என்று அதற்கு அர்த்தம். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

ஆபீஸில் ஃபைல் கட்டுகிற எனக்குக் கயிறு கட்டத் தெரியாதா? நைலான் கயிற்றைக் கிளை மேல் போட்டு, ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுருக்குப் போட்டு இறுக்கினேன். ஏறினேன். மூணாவது கிளையில் கட்டெறும்பு வரவேற்பு. கால் வழுக்கியது.

கயிறு அறவில்லை. அதுதான் கஷ்டம்! சுருக்கு இறுகிக்கொண்டே போனது. தரைக்கு நாலடி மேலே பல்லி மாதிரி தொங்குகிறேன். மூச்சு விட முடியவில்லை. ஒரு கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோடு மாமியார் அலறுகிறார். பக்கத்துத் தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஓடி வந்து, காலைப் பிடித்துத் தூக்கியதும்தான் சுருக்கு இளகியது.

"ஏன் தம்பி, மாட்டுக் கழுத்துல இப்படி முடிச்சுப் போடுவீகளா?"

"போட மாட்டேன்."

"மாடு இழுத்தா செத்துரும்ல? அப்ப மனுசனுக்கு மட்டும் ஏன் போட்டீக?"

பதில் இல்லை. அவரே கற்றுக்கொடுத்தார். கயிற்றில் சின்னதாக ஒரு கண் போடணும். நுனி கீழிருந்து கண்ணுக்குள் வந்து, நீளக் கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, வந்த வழியே கண்ணுக்குள் இறங்கணும். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது. நைலான் வழுக்கும் என்பதால் நுனியை ஒரு சாண் மிச்சம் விட்டு, அதையும் ஒரு முடிச்சுப் போடணும். இங்கிலீஷில் இதற்கு 'பௌலைன்' என்று பேர். கப்பல்காரர்களின் முடிச்சு.

ராத்திரி செல்போனில் தேடினேன். 1931-ல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி எழுதிப் பிரபலமாக்கிய முடிச்சு ஒன்று உண்டாம். மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றில் மூணு சுற்றுச் சுற்றினால், பளு இல்லாதபோது நகரும். பளு விழுந்தால் கவ்விக்கொள்ளும். வெளிநாடுகளில் இந்த மாதிரி முடிச்சுகளை நம்பித்தான் மரம் ஏறுகிறார்கள். அதுவும் வெறும் இடுப்புக் கயிறு இல்லை. தொடையையும் சேர்த்துத் தாங்கும் பெல்ட். இடுப்பில் மட்டும் தொங்கினால், சுருக்கே இல்லாவிட்டாலும் ஆபத்துதானாம்.

மறுநாள் பெருமையாக அண்ணாச்சியிடம் காட்டினேன். ரசித்துப் பார்த்தார். பிறகு காலில் தளையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள் மட்டும் செருகி, தென்னையைக் கட்டிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கயிறு?"

"கட்டி அவுக்குற நேரத்துல இன்னொரு மரம் ஏறிரலாம் தம்பி. கூலி மரத்துக்குத்தானே, முடிச்சுக்கா தர்றாக?"

சிரித்தபடி ஏறிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு அழகாக முடிச்சுப் போடத் தெரிந்த மனுஷர்! அவர் மகன் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறானாம். 'நல்லவேளை, தப்பிச்சான்' என்றார் உச்சியிலிருந்து.

மாமனாரிடம் மெல்லச் சொன்னேன்: "மாமா, இனிமே மரக் கணக்கு வேணாம். நாள் கூலி குடுங்க. பெல்ட்டும் கயிறும் நான் வாங்கித் தர்றேன்."

மாமனார் யோசித்தார். "செலவாகுமே மாப்ளே..."

"நேத்து நான் தொங்கினப்ப, செலவைப் பத்தியா மாமா யோசிச்சீங்க?"

வாயடைத்துப் போனார். மகள் தாலி விஷயமாச்சே!

திங்கட்கிழமை ஆபீஸ். கண்ணாடி முன் நின்று டை கட்டும்போதுதான் கவனித்தேன். சாட்சாத் அதே சுருக்கு! இழுத்தால் இறுகும். மாட்டுக்குக்கூடப் போட மாட்டார்கள், சார்.