யானையைக் கட்டித் தீனி போட்ட காலம்

அமெரிக்காவில் பிக்அப் டிரக் என்பது வெறும் சரக்கு வண்டி அல்ல. விவசாயி முதல் அலுவலகம் போகிறவர் வரை பலருக்கும் அது ஒரு கௌரவம். அந்தக் கௌரவத்தை எஞ்சினின் லிட்டர் கணக்கில் அளந்த காலம் ஒன்று இருந்தது. 1994 மாடல் டாட்ஜ் ராமில் 8 லிட்டர், பத்து சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. 2001 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் 8.1 லிட்டருக்குப் போனது. ஃபோர்டிடம் 6.8 லிட்டர் பத்து சிலிண்டர் எஞ்சின் இருந்தது. 2010 முடிவதற்குள் மூன்றுமே பிக்அப்களிலிருந்து விடைபெற்றுவிட்டன!

என்ன காரணம்? கனமான சுமை இழுப்பவர்கள் டீசலுக்கு மாறினார்கள். 2008 கோடையில் பெட்ரோல் ஒரு கேலன் நான்கு டாலரைத் தாண்டியது. இலகு ரக வண்டிகளைப் பொறுத்தவரை, 1975-ல் பிறந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் 2007-ல் மேலும் இறுகியது.

அடுத்து வந்தது டர்போ. 2011 மாடல் ஃபோர்ட் எஃப்-150-ல் 5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு 360 குதிரைத்திறன்; இரட்டை டர்போ வைத்த 3.5 லிட்டர் ஆறு சிலிண்டருக்கு 365. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது இதுதான்.

ஆனால் மனம் கணக்குப் பார்ப்பதில்லையே! 2025 மாடல் ராம் 1500-ல் 395 குதிரைத்திறன் கொண்ட 5.7 லிட்டர் ஹெமி நீக்கப்பட்டது. பதிலாக வந்த 3 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 420 குதிரைத்திறன். இருந்தும் வாடிக்கையாளர்கள் ஹெமியைக் கேட்டார்கள். 2026 மாடலில் அது திரும்பி வந்தது. அவர்கள் கேட்டது பலத்தை அல்ல, அந்த உறுமலை.

அதற்காகப் பெரிய எஞ்சினே வீண் என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுக்கச் சுமை இழுத்தால் டர்போவும் பெட்ரோலைக் குடிக்கத்தான் செய்யும். டர்போ இல்லாத பெரிய எஞ்சினில் பாகங்கள் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. 2020 மாடலில் கனரக பிக்அப்களுக்கென்றே ஃபோர்ட் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்ததும் வீம்புக்காக அல்ல.

ஆக, எஞ்சினின் அளவை வண்டி சுமக்கும் பாரம்தான் தீர்மானிக்க வேண்டும். சிக்கனச் சட்டத்தை மீறும் நிறுவனங்களுக்கான அபராதம் 2025-ல் பூஜ்ஜியமாக்கப்பட்டது. கட்டுப்படுத்தி வைத்த கை தளர்ந்துவிட்டது. இனி முடிவு வாங்குபவர் கையில். தினமும் மரம் இழுக்க வேண்டியவர் யானை வளர்க்கட்டும். காலித் தொட்டியோடு அலுவலகம் போய்வருபவருக்கு யானை எதற்கு?