கடன் வாங்கிய பத்து

பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதன் அப்பியாசக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது நம் பெற்றோர் பலரின் வழக்கம். பக்கங்கள் நிரம்பியிருந்தால் மனமும் நிரம்பும். “இன்று ஈர்க்கு எண்ணினோம், சாணால் மேசையை அளந்தோம்” என்று பிள்ளை சொல்லிவிட்டாலோ முகம் சுருங்கும். “விளையாடவா உன்னைப் பள்ளிக்கு அனுப்பினோம்?” என்ற வினாவும் எழும். இதனை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி அஞ்சும் பெற்றோரின் கவலை பொய்க் கவலையன்று. ஆயினும், ஈர்க்கு எண்ணும் அந்த வேளையில் வகுப்பறையில் நிகழ்வது யாது என்பதை இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

32 இலிருந்து 17 ஐக் கழிக்கும்படி சிறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களுட் சிலர் 25 என்று விடை எழுதுவர். கவனக்குறைவு என்று கடிந்து கொள்வோம். உண்மையில் அப்பிள்ளை கவனத்துடனேயே தவறியிருக்கிறது. இரண்டில் ஏழு போகாது எனக் கண்டு, ஏழில் இரண்டைக் கழித்து ஐந்தென்றது. மூன்றில் ஒன்று போக இரண்டென்றது. உடனே நாம், “பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு” என்று பழைய மந்திரத்தை ஓதுகிறோம். பிள்ளையும் அவ்வாறே செய்து விடையைச் சரியாக்கி விடுகிறது. ஆனால், வாங்கியது ஒன்றாயிருக்க, வந்து சேர்ந்ததும் அது பத்தானது எவ்வாறு? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது எப்போது? பிள்ளை இவற்றைக் கேட்பதில்லை. கேட்குமாயின் நம்மிற் பலர் திண்டாட நேரும்.

இனி, ஈர்க்கைக் கையிற் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி நூலாற் கட்டிய மூன்று கட்டுகள். தனியே இரண்டு ஈர்க்குகள். “இவற்றில் 17 ஐ எனக்குத் தா” என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளை ஒரு கட்டைத் தருகிறது. இன்னும் ஏழு வேண்டும். தனியே உள்ளவையோ இரண்டே. பிள்ளை திகைக்கிறது. அத்திகைப்பே பாடத்தின் உயிர்நிலை. அவ்வேளையில் ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் வேண்டும். சிறிது பொழுதில் பிள்ளையின் விரல் ஒரு கட்டின் முடிச்சைத் தேடிச் செல்லும். கட்டு அவிழும், தனி ஈர்க்குகள் பன்னிரண்டாகும். ஏழைக் கொடுத்த பின் எஞ்சுவன ஒரு கட்டும் ஐந்து ஈர்க்குகளும், அதாவது 15. பிள்ளை எவரிடமும் கடன் வாங்கவில்லை. தன் கைப்பொருளையே அவிழ்த்துக் கொண்டது.

இதன் பின்பே கரும்பலகைக்கு வேலை. வெட்டப்பட்ட 3 அவிழ்ந்த கட்டைக் குறிக்கும் என்பதும், 2 இன் முன்னர் இட்ட 1 அதிலிருந்து வந்த பத்தைக் குறிக்கும் என்பதும் அப்போது தாமே விளங்கும். செய்கையோடு நின்று எழுத்துக்கு வராத பாடம் அரைப் பாடமே. செய்கையின்றி எழுத்தில் மட்டும் நிற்பதும் அவ்வாறே.

இம்முறை நேற்று முளைத்ததன்று. 1907 இல் ரோமாபுரியில் ‘சிறுவர் இல்லம்’ தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையார் இதே உண்மையை மணிகளாற் காட்டினார். தனி மணி ஒன்று. கம்பியிற் கோத்த மணி பத்து. அத்தகைய பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய கன உருவம் ஆயிரம். 1939 இல் சென்னைக்கு வந்த அவர், இந்தியாவிற் பல்லாண்டு தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். நம் நாட்டிலும், 1999 இல் முதலாந் தரத்தில் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் எழுத்து வேலைக்கும் வகுப்பறையில் இடம் வகுத்தது. அம்மணிகளுக்குப் பொருட்செலவு உண்டு. நம் ஈர்க்குக்கோ வீட்டு விளக்குமாறே போதும்.

சாணால் அளப்பதும் வீண் விளையாட்டன்று. ஒரே மேசை ஒருவனுக்கு ஏழு சாண். மற்றொருத்திக்கு எட்டுச் சாண். “நீ பிழை” என்று பூசல் எழும். இருவரும் சரியாகவே அளந்தனர் என்பது தெளிந்ததும், எவர் கையிலும் மாறாத ஓர் அளவு வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்வர். அப்போது கையில் வரும் அளவுகோல் வெறும் மரத்துண்டாயிராது. தம் வழக்கைத் தீர்க்க வந்த நடுவராயிருக்கும்.

ஆனால், கை அசைந்தால் மட்டும் கல்வியாகி விடாது. ஆசிரியர் வெட்டிக் கொடுத்த தாளை அவர் காட்டிய இடத்தில் ஒட்டும் பிள்ளைக்குச் சிந்திக்க ஏதுண்டு? ஞாயிறு இரவு தந்தையார் ஒட்டி முடித்த அட்டை வீடு, திங்கட் காலை பிள்ளையின் பெயரோடு வகுப்புக்குச் செல்லுமாயின் அதனாற் கற்றவர் யார்? பிள்ளை தானே தீர்மானிக்க வேண்டியது ஏதேனும் அச்செயலில் உண்டா என்பதே உரைகல்.

பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் ஈர்க்குக் கட்டுகள் சிலவற்றைக் கொடுத்துக் கணக்கொன்று கேளுங்கள். மேல்வகுப்பு மாணவரே, நீங்களும் தம்பி தங்கையரோடு இதனைச் செய்து பார்க்கலாம். பிள்ளை தடுமாறும்போது பொறுத்திருங்கள். அந்த முடிச்சை மட்டும் நீங்கள் அவிழ்த்துவிடாதீர்கள்.