நூறாவது குரங்கை வாபஸ் வாங்கிக்கறேன்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு. ஒரு நாள் ஆணி புடுங்க வேண்டாமேன்னு சந்தோஷமா போய் உக்காந்தேன். பயிற்சியாளர் ஒரு குரங்குக் கதை சொன்னார். உங்களுக்கும் யாராவது ஃபார்வர்டு பண்ணியிருப்பாங்க. ஜப்பான்ல ஒரு தீவு. ஒரு குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தண்ணியில கழுவித் தின்ன ஆரம்பிக்குது. ஒண்ணொண்ணா மத்ததும் கத்துக்குது. நூறாவது குரங்கு கத்துக்கிட்டதும் தீவு மொத்தமும் கழுவ ஆரம்பிக்க, கடல் தாண்டி இருந்த குரங்குகளும் தானாவே கழுவ ஆரம்பிச்சிடுச்சாம்!

எல்லாரும் கை தட்டினாங்க. கேவலம் என்னன்னா, இதே கதையை நானே ரெண்டு வருஷம் முன்னாடி இங்க பதிவாப் போட்டு, 'சூப்பர் தல'ன்னு பின்னூட்டமெல்லாம் வாங்கியிருக்கேன். அன்னைக்கு ராத்திரிதான் தேடிப் படிச்சேன்.

தீவு நிஜம். பேரு கோஷிமா. இமானிஷி கின்ஜியும் அவரோட மாணவர்களும் 1948லேயே அங்க போய்ட்டாங்க. 1952ல கடற்கரையில கிழங்கு போட்டு குரங்குகளை காட்டை விட்டு வெளிய வரவழைச்சாங்க. 1953ல இமோங்கிற ஒன்றரை வயசுப் பெண் குட்டி கிழங்குல இருந்த மண்ணைக் கழுவுச்சு. அதை முதல்ல கவனிச்சவர் சத்சுவே மிதோன்னு ஒரு உள்ளூர் பள்ளிக்கூட டீச்சர். (இவங்களைப் பத்தி எந்த ஃபார்வர்டுலயும் வராது.) அதே இமோதான் 1956ல மணலோட கலந்த கோதுமையைத் தண்ணியில போட்டு, மிதக்கிறதை மட்டும் அள்ளித் தின்னுச்சு. எங்க டீம்ல இருந்தா ஆர்க்கிடெக்ட் ஆக்கியிருப்பாங்க :-)

ஒவ்வொரு குரங்குக்கும் பேர் வெச்சு, யார் யாரோட பிள்ளைன்னு குறிச்சு, யார் எப்ப கத்துக்கிட்டாங்கன்னு வருஷக்கணக்கா எழுதியிருக்காங்க. கவாய் மசாவோ 1965ல வெளியிட்ட கட்டுரையில அந்தக் கணக்கு இருக்கு. 1958ல ரெண்டுல இருந்து ஏழு வயசுக்குள்ள இருந்த 19ல 15 கழுவுச்சு. அதுக்கு மேல வயசான 11ல வெறும் ரெண்டு. இமோவோட விளையாட்டுத் தோழர்கள், அவளோட அம்மான்னு கூட உக்காந்து தின்னவங்க வழியாத்தான் பரவியிருக்கு. தள்ளியே உக்காந்திருந்த பெரிய ஆண் குரங்குகள் கத்துக்கவே இல்ல. அப்புறம் பொறந்ததெல்லாம் அம்மாகிட்ட பாத்துக் கத்துக்கிச்சு. 1962ல கூட கூட்டத்துல மொத்தமே 59தான். நூறாவது குரங்குக்கு எங்க போறது?

வேற இடங்கள்லயும் ஒண்ணு ரெண்டு குரங்கு கழுவியிருக்கு. ஆனா அது தனித்தனியா நடந்தது. கடல் தாண்டின மேஜிக்கெல்லாம் 1979ல லயல் வாட்சன் தன்னோட புத்தகத்துல சேர்த்த மசாலா. 1985ல ரான் அமண்ட்சன் கவாய் கட்டுரையோட ஒப்பிட்டு அதைக் கிழிச்சுட்டார். இமோவைப் பாத்துதான் மத்ததெல்லாம் கத்துக்கிச்சான்னே பென்னட் காலெஃப் சந்தேகப்பட்டார். இவ்வளவு மெதுவாப் பரவியிருக்குன்னா ஒவ்வொண்ணும் தானாவே கத்துக்கிட்டிருக்கலாமேங்கிறது அவர் வாதம். இது நியாயமான சண்டை. ரெண்டு பக்கமும் சண்டை போடுறது குறிச்சு வெச்ச கணக்கை வெச்சு.

எனக்குக் கடுப்பு இதுதான். வெயில்ல உக்காந்து எண்ணினவங்க சொன்னது பெரிசுங்க கத்துக்கல, சின்னது கத்துக்க வருஷங்கள் ஆச்சுன்னு. ஆபீஸுக்கு உண்மையிலேயே தேவையான சேதி அதுதானே? அதை விட்டுட்டு, ஒரு எண்ணிக்கை தாண்டினா எல்லாம் தானா நடக்கும்னு ஸ்லைடு போட்டா டமேஜருக்கு வேலை மிச்சம்.

பயிற்சியாளருக்கு இதையெல்லாம் மெயில் அனுப்பினேன். "கருத்துதான் முக்கியம் பாஸ், கதை எதுவா இருந்தா என்ன?"ன்னு பதில் வந்துச்சு. என் பழைய பதிவை அழிக்கல. தலைப்பு மேல கோடு போட்டு இங்க லிங்க் குடுத்திருக்கேன். அன்னைக்கு சூப்பர் சொன்ன ஒன்பது பேரும் மன்னிச்சுக்கங்க மக்கா.